பதினோரு மணிக்கு இறங்கும் வகுப்பு

1

சென்ற மாதம் திருச்சியில் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் நான் பாதிப் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன் என்று உறவு வட்டத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அது தப்பு. எனக்குக் கோபமே வரவில்லை. அவியல்கூட நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். மண்டபத்தின் மாடியில் பந்தி. கீழே சமையல்கட்டிலிருந்து அண்டாக்களை மேலே ஏற்றுவதற்கு ஒரு சின்ன லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அது நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டு விடாமல் மணி அடித்தது. சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்த நான் அப்படியே எழுந்தேன். கையைக்கூடக் கழுவாமல், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி, வாசலைத் தாண்டி, எதிர்ப்பக்கம் பூக்கடை ஓரமாகப் போய் நின்றேன். மற்றவர்களும் வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மைத்துனர் வந்தார். பின்னாலேயே பெண்வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர். பாயசம் ஊற்றியவர் என் இலையைத் தாண்டிப் போய்விட்டார் என்று அதற்குள் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

“மச்சான், எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம்ல. நடுப்பந்தியில எந்திரிச்சு வந்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?” என்றார் மைத்துனர்.

“மணி அடிச்சுது” என்றேன்.

“எந்த மணி?”

விளக்க விளக்க அவர்கள் கண்ணில் என் கோபம் பெரிதாகிக்கொண்டே போனது. பெண்ணின் அப்பா என் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மாடி ஜன்னலில் நின்றிருந்த என் மனைவி கலா தலையில் அடித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2

நான் வேலை பார்ப்பது மலேசியாவில், கிள்ளானில். ஊரில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் வருஷா வருஷம் குறைந்து, கடைசியில் வகுப்பில் தலைகளைவிட மின்விசிறிகள் அதிகம் என்று ஆனபோது, இங்கே ஒரு தனியார் கல்லூரியில் தொழிலிடப் பாதுகாப்பு டிப்ளமோவுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன்.

கல்லூரி என்றதும் வளைவும் வேப்பமர நிழலும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வரிசையாக ஒட்டிக் கட்டிய கடைவீடுகளில் ஒன்றின் மூன்றாவது மாடி அது. தரைத்தளத்தில் கோபால் அண்ணனின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதற்கு மேல் ஒரு டியூஷன் சென்டர், அதற்கு மேல் ஒரு டிராவல் ஏஜென்சி, அதற்கும் மேல் நாங்கள். என் மாணவர்கள் வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வகுப்பு சனி ஞாயிறு காலைகளில். பக்கத்து ஊரான மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கும் லெட்சுமி அக்கா என்னைவிட மூத்தவர். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் தினேஷ் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இப்படித்தான் எல்லோரும். மாணவியை அக்கா என்று கூப்பிடுவது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அவர் இல்லாத இடத்திலும் அக்காதான்.

முதல் சனிக்கிழமை. பலகையில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் கட்டடமே அதிரும்படி தீ எச்சரிக்கை மணி அடித்தது. மார்க்கரைக் கீழே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன். தெருவில் போய் நின்று மேலே பார்த்தால், என் வகுப்பு முழுவதும் ஜன்னலில் வரிசையாக நின்று என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

“சார், அது ஒன்னும் இல்ல லா. கீழ தாளிக்கிறாங்க” என்று இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய ‘லா’வோடு லெட்சுமி அக்கா மேலேயிருந்து சொன்னார்.

கோபால் அண்ணன் கடையில் மதியச் சாம்பாருக்கு வரமிளகாயும் கடுகும் தாளிக்கும் நேரம் அது. சமையல்கட்டுப் புகை பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறுகிறது. படிக்கட்டில் இருக்கும் புகை உணர்கருவி கடமை தவறாத கருவி. கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் அந்த மணியைக் கேட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்வார்களாம். டிராவல் ஏஜென்சியில் மணி அடிக்கும்போது போனில் பேசுகிறவர்கள் கொஞ்சம் குரலை உயர்த்துவார்கள், அவ்வளவுதான்.

நான் மறுபடி மேலே ஏறிப் போய்ப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்றைய பாடம், எச்சரிக்கை மணியை மனிதர்கள் ஏன் அலட்சியம் செய்கிறார்கள் என்பது.

3

இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது வாரம், மணி அலற, அதற்கு மேல் கத்தி, “மணி அடித்தால் காரணம் கேட்காமல் வெளியேற வேண்டும்” என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது என் குரல் எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. புத்தகத்தை மூடினேன்.

“எந்திரிங்க. எல்லாரும் கீழ போறோம்” என்றேன்.

“சார், தாளிப்பு சார்” என்றான் தினேஷ்.

“தாளிப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் மூக்கை உறிஞ்சிக் காட்டினான். மூக்கை நம்பி முடிவெடுக்கிறவர் பாதுகாப்பு அதிகாரி ஆக முடியாது என்று சொல்லி எல்லோரையும் கிளப்பினேன். அன்றிலிருந்து இதுதான் நடைமுறை. மணி அடித்தால் பையை விட்டுவிட்டு வரிசையாக இறங்குவோம். கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையை இங்கே அஞ்சடி என்பார்கள். கோபால் அண்ணன் கடை அஞ்சடியில் நின்று லெட்சுமி அக்கா தலை எண்ணுவார். எண்ணி முடித்து, எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் மேலே போக அனுமதி. நான் கடைசியாக, கழிவறை உட்பட எல்லா அறையும் பார்த்துவிட்டு இறங்குவேன்.

மற்ற ஆசிரியர்கள் எங்களைப் படிக்கட்டு வகுப்பு என்று அழைத்தார்கள். டியூஷன் சென்டர்ப் பிள்ளைகள் நாங்கள் இறங்கும்போது கைதட்டினார்கள். கோபால் அண்ணன் ஆரம்பத்தில் கடுகடுத்தார்.

“என்ன சார், சாப்பாட்டு நேரத்துல கடை வாசல்ல கூட்டமா நிக்கிறீங்க. பார்க்கறவங்க கடைக்குள்ள அடிதடின்னு நெனச்சுப் போயிடுறாங்க.”

“நீங்க தாளிக்கறதாலதானே அண்ணே நிக்கிறோம்.”

“நான் தாளிக்காம இருந்தா நீங்க எங்க போய் சாப்பிடுவீங்க?” என்றார்.

பிறகு யாரோ ஒரு நாள் தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் டீ, கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த வாரம் எல்லோரும் சொன்னார்கள். நானும் மீதிப் பாடத்தை அஞ்சடியிலேயே நடத்தத் தொடங்கினேன். கடையின் கேஸ் சிலிண்டர், இங்கே கேஸ் தோங் என்பார்கள், அதையே காட்டி எரிவாயு கசிவு பற்றிச் சொன்னேன். லெட்சுமி அக்கா தன் தொழிற்சாலையில் ஒருத்தியின் விரல் இயந்திரத்தில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். மூன்றாவது மாடியில் வாயே திறக்காதவர்கள் கீழே வந்தால் நிறுத்தாமல் பேசினார்கள். அதுவரை நான் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவன். சார் சார் என்று மரியாதையாக வணங்கிவிட்டு எல்லோரும் அவரவர் கூட்டத்தோடு போய்விடுவார்கள். அந்த மணிதான் என்னைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஞாயிறு மாலைகளில் குடும்பத்தோடு கோலாலம்பூரில் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போவோம். கலா மல்லிகைப்பூவும் முருங்கைக்காயும் வாங்குவாள். பத்தாவது படிக்கும் மகள் யாழினி போனைப் பார்த்தபடி மூன்றடி தள்ளியே நடப்பாள். பூக்கடையில் நான் ஊர்த் தமிழில் பேரம் பேசினால் அவளுக்கு மானம் போகும்.

“அப்பா, நீங்க பேசாதீங்க லா. நான் கேக்குறேன்” என்று முன்னால் வந்து, மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்து இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். ஊரில் பாட்டுப் போட்டியில் தேவாரம் பாடிய பிள்ளை. இப்போது ஊருக்குப் போகலாமா என்று கேட்டால், “போயிட்டு எப்ப வருவோம்?” என்று திருப்பிக் கேட்கிறாள்.

4

ஊருக்கே திரும்ப வேண்டியதுதானா என்ற கேள்வி போன வருஷம் நிஜமாகவே எழுந்தது. எங்கள் டிப்ளமோவுக்கு அங்கீகாரம் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு தர ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அங்கீகாரம் போனால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் என் வேலை பெர்மிட் புதுப்பிக்கப்படாது. பெர்மிட் இல்லாவிட்டால் யாழினியின் பள்ளிக்கூடம், எங்கள் வாடகை வீடு, லெட்சுமி அக்காவின் பாதி முடிந்த படிப்பு, எல்லாவற்றுக்கும் அதோடு முழுக்கு.

கல்லூரி மேனேஜர் மேடம் சரோஜினி என்னை அறைக்குக் கூப்பிட்டார். கல்லூரியைத் தனியாளாக இழுத்துக்கொண்டு ஓடுகிறவர். மணியைச் சரிசெய்யச் சொல்லி அவர் கேட்காத ஆள் இல்லை. கட்டடச் சொந்தக்காரர் அது கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு என்பார். கட்டட நிர்வாகத்தினர் அது கருவி பொருத்திய கம்பெனியின் பொறுப்பு என்பார்கள். கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, கருவி மிகச் சரியாக வேலை செய்கிறது, சாம்பார்தான் பிரச்சினை என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சார், கோபால்கிட்ட பேசிட்டேன். அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கே தாளிச்சு முடிச்சிடுறேன்னு சொல்லிட்டாரு. அடுப்பு மறுபடி பத்த வைக்கிறது பன்னெண்டுக்கு மேலதான். சோ, மணி அடிக்காது.”

“நல்லதுங்க மேடம்.”

“அடிச்சாலும் நீங்க உக்காந்திருக்கணும். பேனல் முன்னாடி எல்லாரையும் கெளப்பிட்டு ஓடினா நம்ம காலேஜ் என்னமோ பட்டிக்காட்டுக் கம்பத்துச் சந்தை மாதிரி இருக்கும். உங்க பெர்மிட்டும் இதுல இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க.”

நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த திறமைகளில் இங்கே இன்னும் செல்லுபடியாகிறது அது ஒன்றுதான்.

5

ஒரு சனிக்கிழமை குழு வந்தது. தலைவர் டாக்டர் ரொஸ்னா என்ற மலாய் அம்மையார், கூடவே இரண்டு பேர். மேடம் சரோஜினி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் தயார். கடைசி நொடியில், ஆய்வுக்கு வந்தவர்களுக்கு ஆரத்தி எடுத்தால் சலுகை கேட்பது போலாகிவிடுமோ என்று சந்தேகம் வந்து தட்டை வரவேற்பு மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

குழு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தது. பக்கத்தில் மேடம். நான் பாடம் நடத்தினேன். மாணவர்கள் இஸ்திரி போட்ட சட்டைகளில் அசையாமல் இருந்தார்கள். கேள்வி கேட்டால் பதில் வந்தது, ஆனால் எல்லாம் விடைத்தாளிலிருந்து படிப்பது போல் வந்தது. டாக்டர் ரொஸ்னா கடிகாரத்தைப் பார்த்தார். நன்றாகப் போகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினொன்று தாண்டியிருக்கும். மணி அடித்தது.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்துக் கையால் உட்காரு என்று காட்டினார். என் கையில் மார்க்கர் இருந்தது. யாழினியின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கால் நகரவில்லை. பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வகுப்பு எழுந்துவிட்டது. என்னை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்வரிசை கதவைத் திறந்தது, அடுத்த வரிசை ஜன்னலை மூடியது. லெட்சுமி அக்கா நேராக டாக்டர் ரொஸ்னாவிடம் போய், பையை வைத்துவிட்டு வாருங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓட வேண்டாம் என்று மலாயில் சொன்னார். கையுறைத் தொழிற்சாலையில் இருநூறு பேரை மேய்க்கிற குரல் அது. குழு மறுபேச்சில்லாமல் எழுந்தது.

“டாக்டர், ப்ளீஸ் சிட். இட்ஸ் ஒன்லி சாம்பார்” என்று மேடம் பின்னால் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கதவருகே லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தார். “சார், நீங்க லாஸ்ட்டா வரணும். டாய்லெட் பார்த்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் கோபத்தோடு கோபால் அண்ணனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது, நான் சாட்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

“கோபால், நீங்க என்ன வாக்குக் குடுத்தீங்க? இப்ப எதுக்குத் தாளிக்கிறீங்க?”

“மேடம், நான் வெளிய சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். அடுப்பே பத்த வைக்கல.”

மேடம் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஐயோ, சாம்பிராணி” என்றார்.

காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று காலையில் கப் சாம்பிராணி ஏற்றி, கண் பட்டுவிடாமல் இருக்க வரவேற்புப் பதாகைக்கு நேர் கீழே வைத்திருக்கிறார். பதாகையைச் சுற்றித் தொங்கவிட்ட காகிதப் பூக்களில் ஒன்று கழன்று கப்பில் விழுந்திருந்தது. வகுப்பு தாண்டிப் போனபோது வெறும் புகைதான், நாங்கள் ஓடிப் போனபோது பதாகையின் நல்வரவு பாதி எரிந்துவிட்டது. தீயணைப்பான் இருக்கும் பெட்டியின் சாவி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மேடத்தின் கைப்பையில் இருந்தது. கைப்பை வகுப்பறையில். மேடம் மேசைக்கு அடியில் பாய்ந்து ஆரத்தித் தட்டை எடுத்துப் பதாகை மேல் வீசினார். நான் குடிதண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன். தீ அணைந்தது. சுவர் முழுக்கச் சிவப்பு வழிந்தது. மேடத்தின் புடவையிலும் சிவப்பு.

அவரைக் கீழே அனுப்பினேன். படியில் அவரை அந்தக் கோலத்தில் பார்த்த டிராவல் ஏஜென்சி ஆட்கள் முதல்முறையாக அந்த மணிக்கு இறங்கி ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து லெட்சுமி அக்காவின் குரல் வந்தது.

“சார், ஒரு ஆள் குறையுது.”

வகுப்பறை, ஸ்டோர், இரண்டு கழிவறை, மேசைகளுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். யாராவது புகைக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தால் என்று பெயர் பெயராகக் கூப்பிட்டேன். மொட்டைமாடிக் கதவைக்கூட இழுத்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வியர்த்து வழிய அஞ்சடிக்கு ஓடி வந்து, “மேல யாரும் இல்லைக்கா. எல்லா இடமும் தேடிட்டேன். யாரு குறையுது?” என்றேன்.

லெட்சுமி அக்கா என் தோளைத் தொட்டு, “எண்ணிக்கை முழுசா இருக்கு, புவான்” என்று டாக்டர் ரொஸ்னாவிடம் மலாய் மரியாதையோடு சொன்னார்.

குறைந்த ஆள் நான்தான். நான் தேடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் டாக்டர் ரொஸ்னா மேலே போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மேடமோ, சார் லெக்சரர், அவர் எண்ணிக்கையில் வர மாட்டார் என்று எடுத்துச் சொன்னாராம். சார் இறங்காமல் ஒருவரும் நகர முடியாது என்று லெட்சுமி அக்கா படிக்கட்டை மறித்து நின்றிருக்கிறார். அதை தினேஷ் என் காதில் சொன்னபோது நான் கோபால் அண்ணன் கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் புகை என்று சொல்லிக்கொள்ள அன்று நல்ல வசதி இருந்தது.

கோபால் அண்ணன் மெல்ல வந்து மேடத்திடம், “இப்ப தாளிக்கலாமா?” என்று கேட்டார்.

மீதி வகுப்பை அஞ்சடியில் நடத்தினேன். அன்று எரிந்தது ஏன், சாவி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று மாணவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசினார்கள். மேடம் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டாக்டர் ரொஸ்னா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

6

அங்கீகாரம் கிடைத்தது. மேடம் அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. “உங்க வகுப்பைப் பத்தி நல்லா எழுதியிருக்காங்க. பெர்மிட் வேலையை ஆரம்பிச்சிட்டேன்” என்றார். பிறகு, “சாவியைப் பெட்டி மேலயே மாட்டிட்டேன் சார்” என்றார். வீட்டில் சொன்னதும் யாழினி, “சோ, ஊருக்குப் போகல தானே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் பாட்டுப் பாடியது கதவுக்கு வெளியே கேட்டது. எந்த மொழிப் பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

குழு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மணியைச் சரிசெய்ய வேண்டும். வருஷக்கணக்காக ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்த வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. சமையல்கட்டுப் புகைக்குத் தனிக் குழாய் போட்டார்கள். படிக்கட்டில் புதுக் கருவி வந்தது.

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணி சத்தமில்லாமல் தாண்டியது. பாடம் தடையில்லாமல் போனது. நான்கு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் வகுப்பில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தினேஷ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஏறிவரும் சத்தம். கதவு திறந்தது. கோபால் அண்ணன். மூன்று மாடி ஏறியதில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, இடுப்பில் ஈரத்துண்டும் கையில் தாளிப்புக் கரண்டியுமாக நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“என்ன அண்ணே?” என்றேன்.

“தாளிச்சு அரை மணி நேரம் ஆச்சு சார். ஒருத்தரும் எறங்கி வரல” என்றார். “என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன் லா.”

லெட்சுமி அக்கா எழுந்தார். எல்லோரும் பையை விட்டுவிட்டு வரிசையாக இறங்கினார்கள். நான் கழிவறைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்கினேன்.